மூணாம் பொம்மை

அஞ்சு மணிக்கு வரச் சொன்ன ஆளுக்காக நாலேகாலுக்கே வந்து நின்றால் அதுக்குப் பெயர் ஆசையா பயமா என்று பரமகல்யாணிக்கே தெரியவில்லை. ரெண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைப் பாலத்தின் நட்டநடுவில், கோணக்கல் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினாள், பகல் முழுக்க வெயிலில் கிடந்த கல், சுள்ளென்றது, எடுத்துக்கொண்டாள், முந்தானையை நாலாக மடித்துப் போட்டு மறுபடி ஊன்றினாள். தம்பி வருகிறான். ஒன்பது வருசமாக முகத்தில் முழிக்காத தம்பி, பால்வண்ணம். கிழக்குக் கரையிலிருந்து நடந்துதான் வருவான், ஆட்டோவில் வர மாட்டான், சின்னதிலிருந்தே ஆட்டோ என்றால் அவனுக்குக் குமட்டும். இப்போதும் குமட்டுமா? ஒன்பது வருசத்தில் குமட்டல்கூட மாறியிருக்கலாம். மாறாமல் கிடக்கிறது அவள் தொண்டையில் இருக்கிற அந்த ஒரு பேச்சுதான். அன்னைக்குத் தப்பு என் மேலதாம்லே. அவ்வளவுதான், ஒரே வரி, மூச்சுவிடாமல் சொன்னால் ரெண்டு செகண்டுகூட ஆகாது. முப்பத்தஞ்சு வருசம் பாலங்கள் ஆபீஸில் டைப் அடித்தவள், எத்தனை ஆயிரம் வரி, இந்த ஒரு வரிக்கு மட்டும் விரலும் வரவில்லை, நாக்கும் வரவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவன் வாயைத் திறந்தால் மன்னிப்புக் கேட்பான், செய்யாத தப்புக்கு. காலில் விழுந்தாலும் விழுவான், பாவிப்பய, அப்படிப்பட்டவன்தான். அதை நின்று வாங்கிக்கொள்ள அவளால் முடியாது. முடியும்டி, என்றது இன்னொரு மனசு, ஒன்பது வருசமா வாங்கி வச்சுக்கிட்டுத்தான இருக்க.

போன் வந்தது முந்தாநாள், குக்கர் மூணாவது விசில் அடிக்கிற நேரம். "அக்கா, நான் பால்வண்ணம் பேசுதேன்." குரலைக் கேட்டதும் அப்பாதான் பேசுகிறார் என்று ஒரு நிமிசம் நினைத்துவிட்டாள், அப்பா போய் நாற்பது வருசம். தம்பிக்கு எப்போது அப்பா குரல் வந்தது? அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. "சின்னவ செல்விக்கு வைகாசியில முகூர்த்தம் வச்சிருக்கு. மொதப் பத்திரிகை உனக்குத்தான். வீட்டுக்கு வரட்டுமாக்கா?" வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் அவன் பால்வண்ணம் இல்லை. வீட்டில் அவள் புருசன் இருக்கிறார். நல்ல மனுசன், பெண்டாட்டிக்கு நடந்த அநியாயத்துக்கு அவளைவிட அதிகமாகக் கோபப்பட்டு, அந்தக் கோபத்தை ஒன்பது வருசமாக ஆறவிடாமல் பார்த்துக்கொள்கிறவர். பெத்த தாய் மொகத்த அக்காளுக்குக் காட்டாதவன்லாம் ஒரு மனுசனா, என்று காப்பி குடிக்கும்போதுகூட ஆரம்பிப்பார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? அதனால், "பாலத்துக்கு வா, நடுவுல, கோணக்கல்லுகிட்ட, அஞ்சு மணிக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது, பொம்மை எண்ணைச் சொல்லவில்லை. இந்த ஊரில் பாலத்தில் சந்திக்கிற எவனும் பொம்மையைத்தான் சொல்வான், நாலாம் பொம்மைகிட்ட நில்லு, எட்டாம் பொம்மைகிட்ட நிக்கேன் என்று. அவள் சொல்லாமல் நழுவிக்கொண்டாள். நடு என்றால் ரெண்டு கரைக்கும் நடுதான், அதில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

கோணக்கல்லைத் தடவினாள். சுவர் இந்த இடத்தில் நாலு விரற்கடை ஏறுகிறது, ஒரு முழங்கை மேலே, ஒரு முழங்கை கீழே. இதன் கதையை அவளே அஞ்சு தடவை டைப் அடித்திருக்கிறாள், பெரிய ஆட்கள் வரும்போதெல்லாம் பாலத்தைப் பற்றி ஒரு குறிப்பு கேட்பார்கள், கார்பன் வைத்து நாலு பிரதி. பதிமூணு வளைவுக் கண், பன்னிரண்டு தூண், தூணுக்கு ஒரு பொம்மை. வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் படம் போட்டு ரெண்டு கரையிலும் ஒரே நாளில் வேலையைத் தொடங்கச் சொன்னான். கிழக்கே கோயில் வேலை பார்த்த கல்தச்சர்கள், மேற்கே மாதா கோயில் கட்டிப் பழகின கொத்தனார்கள், ரெண்டு கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏழாம் கண்ணில் ரெண்டு வேலையும் வந்து முட்டினால் நாலு விரற்கடை வித்தியாசம். நீ இடி, நான் ஏன் இடிக்கணும். துரை மூணு நாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, கோணலாக ஒரு கல்லை வெட்டச் சொல்லி நடுவில் சொருகிவிட்டுப் போய்விட்டான். நூற்று முப்பது வருசமாயிற்று, ஒழுங்காக வெட்டின கல்லெல்லாம் அங்கங்கே விரிசல் விட்டுவிட்டது, இந்தக் கோணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொம்மைகள் வந்த கதை அதைவிடக் கூத்து. துரையின் படத்தில் பொம்மையே கிடையாது, விளக்கு வைக்கத்தான் பீடம் கட்டினார்கள், விளக்கு வந்து சேரவில்லை. கிழக்குக்கரைத் தலைமைத் தச்சன் ஒருநாள் கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெண்ணைச் செதுக்கிக் காலிப் பீடத்தில் ஏற்றிவிட்டான், தலையில் கல் கூடை, இடுப்பில் ஒரு கை, அவனிடம் வேலை பார்த்த சித்தாளாம் அவள். மேற்குக்கரைக்காரன் விடுவானா? பத்தே நாளில் தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு ஆள். இவன் வலைக்காரனை ஏற்ற, அவன் சங்கூதுகிறவனை ஏற்ற, சண்டையிலேயே ஆறுக்கு ஆறு நின்றுபோனது. கிழக்குப் பொம்மைகள் குனிந்து தண்ணீரைப் பார்க்கும், மேற்குப் பொம்மைகள் அண்ணாந்து மேகத்தைப் பார்க்கும். 'அனுமதி பெறாது நிறுவப்பட்ட உருவங்கள், விளக்கம் தேவை' என்று துரை எழுதின ஓலைக்கு இன்றுவரை யாரும் விளக்கம் எழுதவில்லை, அந்த வரி வரும்போதெல்லாம் அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். போன மாசம் யாரோ வருகிறார்கள் என்று பன்னிரண்டுக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், மூதிகள், கண்முழியைக்கூட விடவில்லை, இன்னும் அந்த வாடை போகவில்லை. குறிப்பின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். 'தூண்களும் உருவங்களும் கிழக்குக் கரையிலிருந்தே எண்ணப்படும்.' அஞ்சு தடவை, நாலு நாலு பிரதி, இருபது தடவை அந்த வரி அவள் கையிலிருந்து போயிருக்கிறது. இருபது தடவை. ஆபீஸ் பியூனுக்கு மறந்திருக்கலாம், உனக்கு எப்படிடி மறந்தது?

பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது, பாலம் லேசாக அதிர்ந்தது, உள்ளங்காலில் தெரிந்தது. அம்மைக்கு இந்த அதிர்வு பிடிக்கும். பாலத்துக்கு உசிரு இருக்குட்டி, என்பாள். கிழக்குக் கரையில் வீடு, மேற்குக் கரையில் பள்ளிக்கூட ஆஸ்டலில் சமையல் வேலை, தினமும் ரெண்டு நடை, லீவு நாளில் பிள்ளைகள் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு. அவளுக்கு எட்டு வயசு, தம்பிக்கு நாலு. நாலாம் கண் வந்ததுமே கால் வலிக்குது என்று உட்கார்ந்துவிடுவான். அவனை நடக்க வைக்கத்தான் அம்மை எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு கூடைக்காரி, ரெண்டு வலைக்காரன், மூணு பிள்ளைக்காரி, சொல்லுல ராசா, நாலு யாரு? பிள்ளைக்காரி என்பது இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவள், மூக்கு உடைந்திருக்கும், ஆனாலும் நல்ல களை. அவள் காலடியில் அம்மை ஒரு நிமிசம் நிற்பாள், தூக்குவாளியைக் கை மாற்றிக்கொள்ள. தம்பியைத் தூக்கிக் காட்டு என்பாள், பரமகல்யாணி தூக்குவாள், எம்பிக் குழந்தையின் கல்பாதத்தைத் தொடுவான், குளுகுளுன்னு இருக்குக்கா என்பான், வெயிலில் கொதிக்கிற கல் அவனுக்குக் குளுகுளுவென்று இருக்கும். எவ்வளவு கனம் இருந்தான் அப்போது, இடுப்பு ஒடியும். திரும்பி வரும்போது அம்மை தலைகீழாக எண்ணுவாள், பன்னெண்டு, பதினொண்ணு, பத்து என்று இறங்கிக்கொண்டே வருவாள். அதுதான் விசயம். எந்தப் பக்கமிருந்து நடந்தாலும் அம்மைக்கு மூணு மூணுதான், கூடைக்காரிதான் ஒண்ணு. பள்ளிக்கூடத்தில் தலைகீழ் எண் கேட்டபோது கிளாஸிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. இப்படி நெஞ்சில் ஊன்றிய எண்ணிக்கை. கல்யாணமாகி மேற்குக் கரைக்கு வந்தபோது மாமியார் சொன்னாள், பத்தாம் பொம்மையா, அது எதுட்டி, ஓ நம்ம மூணாம் பொம்மையச் சொல்லுதியா, குடைக்காரரு. குடையை மடக்கிக் கையில் பிடித்து அண்ணாந்து நிற்கிற அந்தப் பொம்மைக்கு இந்தக் கரையில் மாப்பிள்ளை என்று பேர், கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் அவர் பீடத்தில் ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போவார்கள். மேற்குக்கரைக்காரனுக்கு மேற்கேதான் ஒண்ணு. முதலில் சிரிப்பாக இருந்தது, இவங்களுக்கு எண்ணவே தெரியல அம்மை என்று போய்ச் சொன்னாள். அப்புறம் பிள்ளைகள் பிறந்தன, பிள்ளைகள் இந்தக் கரையின் எண்ணைப் படித்தன, மாப்பிள்ளைகிட்ட இறக்கி விடும்மா, மூணாம் பொம்மைகிட்ட பஸ் நிக்கும்மா. எந்த நாளில், எந்தக் கிழமையில் தனக்குள் எண்ணிக்கை திரும்பிப் படுத்தது என்று யோசித்துப் பார்க்கிறாள். அப்படி ஒரு நாளே இல்லை, அதுதான் கொடுமை.

மஞ்சள் பையோடு ஒருத்தர் வருகிறார். அவனா? இல்லை, இவருக்குத் தொப்பை. தம்பிக்குத் தொப்பை வந்திருந்தால்? அவளுக்குத் தெரிந்த தம்பிக்கு மொட்டைத் தலை, ஈர வேட்டி, நாற்பத்தெட்டு வயசு, படிக்கட்டில் ஏறி வந்து நிற்கிற தம்பி. கடைசியாகப் பார்த்தது அப்படித்தான், அதனால் அப்படியேதான் ஒன்பது வருசமாக நிற்கிறான், தலையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை அவனுக்கு. சவத்தெழவு, நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது, பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா? போட்டாச்சு. சொல்லாவிட்டால் என்ன? பத்திரிகையை வாங்கிக்கொண்டு, சரிலே வாரேன் என்று பெரிய மனசு பண்ணின மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும், அவனும் சந்தோசமாகப் போவான், ஊரும் பரமகல்யாணிக்குத் தங்கமான மனசு என்று சொல்லும். சொன்னால் என்ன ஆகும்? தம்பி அவளைப் பார்க்கிற பார்வை மாறும். ஒன்பது தீபாவளி, ஒன்பது பொங்கல், அவன் வாசலில் கால் வைக்காமல் இருந்தவள், அவன் பேரன் பேத்தி காதுகுத்துக்கெல்லாம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அவ்வளவும் பொய்க்கா என்று கேட்பானே. கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. கேட்காமல் பத்திரிகையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டால்? பேசாத தம்பி ஒருத்தன் அக்கரையில் இருக்கிறான் என்பதில்கூட ஒரு பிடிமானம் இருக்கிறது. அதுவும் போய்விட்டால்? ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் படர்ந்து மிதக்கிற அமலைச்செடி, அதன்மேல் ஒரு கொக்கு தரையில் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் இதே நேரம்தான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு அங்கேதான் போய் நிற்கும், பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தாள், அம்மை போய்விட்டாள் என்று தகவல் வந்து பஸ் பிடித்து, எட்டு மணி நேரம், வழியெல்லாம் ரோடு வேலை. சித்திரை வெயில், முந்தின நாள் சாயங்காலமே போன உடம்பு, இதுக்கு மேல தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் இருக்கும்போது தம்பி பேசினான், அழுது அழுது குரலே இல்லை. "அக்கா, வீட்டுக்கு வந்தா நேரம் பத்தாது. நேரா பாலத்துக்கு வந்திரு. மூணாம் பொம்மைகிட்ட எறக்குவோம், மொகத்தப் பாத்திரலாம்." வந்திருதேம்லே என்றாள், அதோடு செல்போனில் சார்ஜ் போயிற்று. கிழக்குக்கரை வழக்கம் அது, பாடை பாலத்தில் ஏறி மூணாம் பொம்மை காலடியில் இறங்கும், முகத்துணியைக் கடைசியாக விலக்குவார்கள், பெண்கள் ஒரு பிடி அரிசி போட்டுவிட்டு அதோடு திரும்பிவிட வேண்டும், பக்கத்திலேயே மணலுக்குப் படிக்கட்டு, ஆம்பிளைகள் மட்டும் இறங்கிப் போவார்கள். அம்மையே எத்தனை பேருக்கு அந்த இடத்தில் நின்று அரிசி போட்டிருக்கிறாள், எல்லாம் தெரியும், எல்லாமே தெரியும் அவளுக்கு. பஸ் மேற்கே நின்றது, இறங்கினாள், ஓடினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு, நின்றாள். மாப்பிள்ளைப் பொம்மை. கையில் மகள் கொடுத்த பை, உடம்பில் பச்சைச் சேலை, மாற்றக்கூட நேரமில்லை. கிழக்கே சங்குச் சத்தம் கேட்டது. தூரத்தில் பாடை ஏறி வருவது தெரிந்தது, ரோசாப்பூ, கூட்டம், மேளம். வருது, வருது, அம்மை வாரா என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அது பாதி வழியில் நின்றது, ஏதோ சடங்கு செய்கிறார்கள் போல, முடித்துவிட்டு இங்கே வருவார்கள், மூணாம் பொம்மைகிட்டத்தானே சொன்னான், இங்கேதானே வரணும். ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் மூணு நிமிசம். நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தால் தவறிப்போகும் என்று நகராமல் நின்றாள், அவ்வளவு ஒழுங்காக நின்றாள் பாவி. பாடை தூக்கினார்கள், கூட்டம் சாய்ந்தது, ஒவ்வொருத்தராகப் படியில் இறங்கி, பாலத்தின் மேல் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அப்புறம் ஓடினாள். பெண்கள் இறங்கக் கூடாதும்மா என்று ஒருத்தர் கையை நீட்டி மறித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தாள், பிள்ளைக்காரியின் காலைச் சுற்றி அரிசி சிந்திக் கிடந்தது. அந்த நிமிசமே தெரிந்துவிட்டது.

தெரிந்துவிட்டது என்றால் முழுசாக, ஒரு மிச்சம் இல்லாமல். மூணு பிள்ளைக்காரி, சொல்லுல ராசா, நாலு யாரு. அந்த வெட்கத்துக்கு அளவே இல்லை. கீழேயிருந்து புகை வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி மொட்டைத் தலையோடு ஏறி வந்தான், அவனைக் கட்டிக்கொண்டு, தப்பா நின்னுட்டேம்லே, மறந்துபோச்சுலே, என்று அழத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதுக்குத்தான் திறந்தாள். வெளியே வந்தது வேறு. "எனக்காக அஞ்சு நிமிசம் நிக்க முடியலயால ஒனக்கு? பெத்தவ மொகத்த எனக்குக் காட்டாமக் கொண்டு எரிச்சிட்டியே. இனி ஒன் கரையில கால் வைக்க மாட்டேன், இது சத்தியம்." நாற்பது பேர் நின்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவன் ஒன்று திருப்பிச் சொல்லியிருந்தால், நான் மூணாம் பொம்மைகிட்டத்தான நின்னேன் நீ எங்க போன என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், அன்றைக்கே உடைந்திருக்கும் எல்லாம். அவன் குனிந்தான், அவள் தப்பித்துவிட்டாள். தப்பித்தவள் எங்கே போனாள், அதே இடத்தில்தான் ஒன்பது வருசமாக நிற்கிறாள். போதும். இன்றைக்குச் சொல்லிவிடுவேன். வந்ததும் சொல்லிவிடுவேன், வா லே என்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு கிழவர் ரோட்டைக் கடக்கத் தெரியாமல் முன்னே ஒரு காலும் பின்னே ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தார். பாவம், யாராவது கூட்டிவந்தால் என்ன என்று நினைத்தாள். கிழவர் ஒரு கையைத் தூக்கிப் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். அடப்பாவி. பிடரியைத் தேய்க்கிற அந்தக் கை. முடி பூராவும் வெள்ளை, உடம்பு பாதியாக இருக்கிறது, சட்டை யாருடையதோ மாதிரி தொங்குகிறது. ஒரு லாரி அவனை மறைத்தது, லாரி போனதும் இந்தப் பக்கம் நின்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. அவள் வாயைத் திறந்தாள்.

"இந்த வெயில்ல ஏம்லே நடந்து வந்த?"

"ஆட்டோ ஒத்துக்காதுல்லாக்கா" என்றான்.

அவன் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தான், நாலு மூலையிலும் மஞ்சள், ரெண்டு கையாலும் நீட்டினான். வாங்கினாள். அத்தை என்ற இடத்தில் அவள் பேர் முதலில் இருந்தது, எழுத்து நீந்தியது, கண்ணாடியை மறந்து வந்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. சொல்லு. இப்பச் சொல்லு. அன்னைக்கு என்று ஆரம்பி, மிச்சம் தானாக வரும்.

"அன்னைக்கு" என்றான் பால்வண்ணம்.

அவள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நான் உன்னப் பாத்தேன்க்கா." அவளைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துச் சொன்னான். "அம்மைய எறக்கினப்பவே பாத்துட்டேன். அங்கன, மாப்பிள்ளைகிட்ட, ஒரு பச்சைச் சேல, கையில பை. நீதான்னு தெரிஞ்சுது. அக்கா அங்க நிக்கான்னு பெரியப்பாகிட்டச் சொன்னேன். எறக்கின பாடைய முன்னயும் கொண்டுபோகப்பிடாது பின்னயும் கொண்டுபோகப்பிடாது, கொள்ளிச்சட்டி வச்சிருக்கவன் வாயத் தொறக்காத, நடன்னுட்டாரு. நான் நடந்துட்டேன். ஒரு ஆளை அனுப்பி உன்னக் கூட்டியாரச் சொல்லிருக்கலாம். தோணலன்னு இத்தன வருசமும் எனக்கே சொல்லிக்கிட்டேன். தோணிச்சுக்கா. அவருக்குப் பயந்துட்டேன். நீ கேட்டியே, அஞ்சு நிமிசம் நிக்க முடியலயான்னு. நிக்க முடிஞ்சிருக்கும்."

அப்படியென்றால் நான் சொன்னது பொய்யில்லையா? அவன் நிற்கவில்லைதான். பார்த்தான், நிற்கவில்லை. ஒன்பது வருசமாகப் பொய்யென்று பொத்தி வைத்திருந்த கோபம் நிஜக் கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. இனி அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வார்த்தைகூட வேண்டியதில்லை, சரி விடுலே, நடந்தது நடந்துபோச்சு என்று முதுகில் தட்டினால் போதும், புருசனிடம் போய் அவனே ஒத்துக்கிட்டான் என்று சொல்லலாம், சாகிற வரைக்கும் சுத்தமானவளாக இருந்துவிடலாம். தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. கை அவன் முதுகுப் பக்கம் போகவும் செய்தது. சட்டைக்குள் எலும்பு தட்டுப்பட்டது. நாலு வயசில் எவ்வளவு கனம் இருந்தான். இந்த எலும்போடு இதையும் சுமந்துகொண்டா இவ்வளவு தூரம் நடந்து வந்தான்?

"நான் தப்பான பொம்மைகிட்ட நின்னேம்லே" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் இந்தக் கரையிலருந்து எண்ணிட்டேன். சிந்திக் கெடந்த அரிசியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதாம்லே ஒன்ன அப்பிடிப் பேசினேன். தெரியாமப் பேசல."

சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ எண்ணினது. மாப்பிள்ளைகிட்ட வேற எதுக்கு நிப்ப? மேக்கேருந்து மூணு. அன்னைக்கே தெரியும்க்கா."

"அன்னைக்கேயா?" அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, என்ன செய்ய, அவள் பிறவி அப்படி. "பின்ன ஏம்லே வாயத் தொறக்கல? நாப்பது பேரு முன்னால ஒன்ன அந்தப் பேச்சுப் பேசுதேன், மரம் மாதிரி நிக்க. நீதாங்க்கா தப்பா நின்னன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? ஊரு ஒன்ன எப்பிடியெல்லாம் பேசிச்சு."

பால்வண்ணம் பிடரியைத் தேய்த்துக்கொண்டான்.

"எப்பிடிக்கா சொல்ல? அம்மை சொல்லிக் குடுத்த எண்ணிக்கையே மறந்துபோச்சு இவளுக்கு, கெட்டிக்குடுத்த எடந்தான் பெருசாப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களா? அம்மை எரிஞ்சுகூட முடியல, அதுக்குள்ள அந்தப் பேச்சு வேண்டாம்னு தோணிச்சு. நான் நிக்கலன்னே இருந்துட்டுப் போட்டும். அதும் நெசந்தான."

அவள் அழுதாள். பாலத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, அறுபத்தோரு வயசில், பத்திரிகையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், மஞ்சள் மூக்கில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். அவன் தொடவுமில்லை, அழாதக்கா என்று சொல்லவுமில்லை, வெயில் அவள் முகத்தில் படாதபடி மேற்குப் பக்கமாக வந்து நின்றுகொண்டான்.

"செல்வி கல்யாணத்துக்கு நீ வரணும்" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "சத்தியம் பண்ணினது ஒனக்குச் சங்கடம்னா மண்டபத்த இந்தக் கரையிலயே பாக்கேன். சம்பந்திவீட்டுல பேசிட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"சத்தியமும் மண்ணாங்கட்டியும்" என்று மூக்கைச் சிந்தினாள். "நட."

"எங்கக்கா?"

"வீட்டுக்கு."

அவன் அவளைப் பார்த்தான், கிழக்கே பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "அவகிட்ட ஒண்ணுமே சொல்லாம வந்தேன். மத்தியானம் வச்ச ரசந்தான் இருக்கும்."

"இருக்கத ஊத்தச் சொல்லு" என்றாள் பரமகல்யாணி. "எனக்குப் பசிக்குலே."